குவித்து அளந்த தோட்டாக்கள்

ஓகஸ்ட் 24, ஞாயிறு

மழை. பக்கவாட்டில் அடிக்கிற மழை, குடை ஒன்றுக்கும் உதவாது. பூசைக்குப் போகவில்லை. முழங்கால் நோ என்று மனுசி ஜெசிந்தாவிடம் சொன்னேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. கராஜில் வேலை இருந்தது.

வருகிற சனி பிரேபனுக்கு எழுபத்தைந்து. எங்கள் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துகிற பகுதியில் இருந்தவர், இப்போது ஓய்வு. என்னை முதன்முதல் வாத்து வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனவர். வேட்டைப் பரீட்சைக்கு என்னைப் படிப்பித்தவரும் அவர்தான். முதல் தரமே பாஸ் பண்ணினேன். சரி, இரண்டாம் தரம்.

வைன் போத்தல் எல்லாரும் கொடுப்பார்கள். நான் கொடுப்பது என் கையால் அடைத்த ஐம்பது தோட்டா. டென்மார்க்கின் இந்த யூலண்ட் முழுக்கத் தேடினாலும் வீட்டில் தோட்டா அடைக்கிற தமிழன் நான் ஒருவன்தான். யூலண்ட் என்ன, ஐரோப்பாவிலேயே இருக்காது. பொலிசின் அனுமதிக் கடிதம் கராஜ் சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்டு, மாதா படத்துக்குக் கீழே.

பிரேபனின் துவக்கு பழையது. பக்கத்துப் பக்கத்தில் இரட்டைக் குழல். அவருடைய அப்பா வைத்திருந்தது. வருடத்தில் ஒருநாள், வாத்து வேட்டைக் காலம் திறக்கிற அன்று மட்டும், அதை வெளியே எடுப்பார். உருக்குக் குண்டு அந்தக் குழலைக் கீறிவிடும். ஈயம் இந்த நாட்டில் தடை. ஆகவே ஈயம் போல மெதுவான பிஸ்மத் குண்டு வாங்கினேன். இதெல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும்?

மேசையில்: வெற்றுத் தோட்டாக் கோதுகள். அடியில் வைக்கிற வெடி கேப். வெடிமருந்து டப்பா. பிளாஸ்டிக் கிண்ணங்கள், மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் போடுவது. குண்டு. வாயை மடித்து மூடுகிற இயந்திரம். தராசு, அதன் பெட்டிக்குள்.

மருந்து அளக்க என்னிடம் ஒரு கரண்டி. நானே செய்தது. பழைய கோதின் அடிப்பித்தளையை வெட்டி, அராவி, கம்பிப் பிடி வைத்தேன். மருந்துக்குள் விட்டுக் கோலி எடுத்து, அட்டை விளிம்பால் தலை தட்டினால் புத்தகம் சொல்கிற அளவு. வசந்தத்தில் தராசில் வைத்துப் பார்த்தேன். பத்துத் தரம் பார்த்தேன். மூன்று தரம். மூன்றும் சரி. புத்தகம் இன்னும் என்னவோ சொல்கிறது, பத்துக்கு ஒன்று நிறு, மருந்து மாறினால் திரும்ப நிறு, காற்றில்லாத இடத்தில் நிறு என்று. என் கைக்குத் தராசு எதற்கு?

முதல் கரண்டியைக் கோலித் தலை தட்டினேன். மனம் கேட்கவில்லை.

பரிசு கொடுக்கிற சாமானைத் தலை தட்டியா அளக்கிறது? ஜெசிந்தா யாருக்காவது மிளகாய்த்தூள் கட்டினால் சுண்டுப் பேணியைக் குவித்து அளப்பாள், அதற்கு மேல் கையாலும் கொஞ்சம் அள்ளிப் போடுவாள். அரிசி மாவும் அப்படி. தலை தட்டிக் கொடுத்தவன் என்று எங்கள் ஆட்களிடம் பெயர் எடுத்தால் செத்த வீட்டிலும் அதைத்தான் கதைப்பார்கள். பிரேபன் எனக்கு எதையாவது அளந்து தந்தவரா?

குவித்தேன். ஐம்பதுக்கும் குவித்தேன். எனக்கென்று ஐந்து அடைத்தேன், அதற்கும்.

சில கோதுகளின் வாய் படியவில்லை. நடுவில் வீங்கிக்கொண்டு நின்றது. கைபிடியை இன்னொரு தரம் இழுத்தேன். படிந்தது.

மத்தியானம் இடியப்பம், சொதி. முழங்காலுக்கு என்று ஜெசிந்தா எண்ணெய் காய்ச்சி வைத்திருந்தாள். பூசுவித்துக்கொண்டேன். வேறு வழியில்லை.


ஓகஸ்ட் 26, செவ்வாய்

வெயில். பின்னேர வேலை. மூன்றாம் நம்பர் இயந்திரம் மறுபடி பழுது.

கோப்பி நேரத்தில் தோட்டாக் கதை சொன்னேன். ஒவ்வொன்றையும் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் போட்டதாகச் சொன்னேன். ஒரு போலந்துக்காரன் வாயைத் திறந்தபடி கேட்டான். போன வருடம் நான் ஒரே வெடியில் மூன்று வாத்து விழுத்தினதையும் சொன்னேன். விழுந்தது ஒன்று. அதையும் பிரேபனின் நாய்தான் கண்டுபிடித்தது.

இரண்டு பெட்டி, மேலே டென்மார்க் கொடி, சிவப்பு நாடா. ஜெசிந்தா நாடா கட்டும்போது சொன்னாள்: "துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள். இப்ப நீங்கள் அதுக்குத் தீனி செய்யிறியள்."

பத்து வருடமாக இதே வசனம். நாடாவை மட்டும் வடிவாகக் கட்டினாள்.


ஓகஸ்ட் 30, சனி

நல்ல நாள். காற்றும் இல்லை. பிறந்தநாள் ஊர் மண்டபத்தில். நீள மேசை, குட்டிக் கொடிகள், எல்லாரும் எழும்பி நின்று பாட்டு. மூன்று விதமான ஊறுகாய் மீன். ஜெசிந்தா ஒரு சட்டி ரோல்ஸ் கொண்டுபோனாள், முதலில் முடிந்தது அதுதான். அவளுக்கு அதில் வெளியே காட்டாத சந்தோசம்.

இந்த ஆட்கள் கிளாசில் கரண்டியால் தட்டிவிட்டு எழும்பிப் பேசுவார்கள். நானும் தட்டினேன். என் டேனிஷ் அன்றைக்கு ஆறு மாதிரி ஓடியது. பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். ஒவ்வொரு தோட்டாவின் மருந்தையும் தராசில் வைத்து, மயிரிழை பிசகாமல் நிறுத்தேன் என்றேன். எங்கள் குடும்பத்துக்கே இது கைவந்த வேலை, என் அப்பா மாதா திருநாளுக்கு வாணம் கட்டுகிறவர் என்றும் சொன்னேன். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். ஜெசிந்தா மேசைக்குக் கீழே என் தொடையில் கிள்ளினாள்.

பிரேபன் எழும்பி வந்தார். பெரிய ஆள், குனிந்துதான் கட்டிப்பிடிக்க வேண்டும். கண் கலங்கியிருந்தது. திங்கள் விடிய வாத்துக் காலம் திறக்கிறது, அப்பாவின் துவக்கில் முதல் வெடி அன்டனின் தோட்டாதான் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். சனம் கை தட்டியது. அவருடைய மகள் லோன எனக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தாள்.

இப்படி ஒரு மரியாதை எனக்கு இந்த நாட்டில் கிடைத்ததில்லை. இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை.


ஓகஸ்ட் 31, ஞாயிறு

மேகம். பூசைக்குப் போனேன். பூசை முடிய கோல்டிங்கிலிருந்து சேவியர், ஜெசிந்தாவின் தம்பி, எங்களோடு வீட்டுக்கு வந்தான். ஆட்டுக்கறி. சாப்பாட்டுக்குப் பிறகு கராஜ் பார்க்க வேண்டும் என்றான்.

நான் ஏன் தராசை எடுத்தேன்? அவன் கேட்கவே இல்லை. என் கையும் தராசும் ஒன்றுதான் என்று காட்ட ஆசை வந்தது.

கதவைச் சாத்தினேன், காற்றுப் பட்டால் எண் ஆடும். தட்டை வைத்துப் பூச்சியம் ஆக்கினேன். கரண்டியால் கோலி, தலை தட்டி, கொட்டினேன். புத்தக அளவு, அப்படியே. "பாத்தியோ தம்பி" என்றேன். சேவியர் தலையாட்டினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். தட்டை வெறுமையாக்கி, பிரேபனுக்கு அளந்த மாதிரிக் குவித்து ஒன்று அள்ளினேன். கொட்டினேன்.

எண் ஏறியது. ஏறி, புத்தகத்தில் இதற்கு மேல் போடாதே என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிற எண்ணையும் தாண்டிப் போய் நின்றது.

சேவியர் எட்டிப் பார்த்தான். "அத்தான், உது மிளகாய்த்தூள் இல்லை."

தராசு பிழை, பற்றரி இறங்கிவிட்டது என்றேன். அவன் சிரித்தான். மிளகாய்த்தூளைக் கூடப் போட்டால் வாய்தான் எரியும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். தேத்தண்ணி குடிக்க அவனை உள்ளே அனுப்பிவிட்டுத் தனியே நின்றேன்.

தராசோடு வந்த சோதனைப் படிக்கல்லை வைத்துப் பார்த்தேன். தராசு சரி. பற்றரி புதிது.

எனக்கென்று அடைத்த ஐந்தையும் வாய் வெட்டிக் கொட்டி நிறுத்தேன். ஐந்தும் கூட. ஐந்தும் வேறு வேறு. ஒன்று எவ்வளவு கூட என்று எழுதவும் கை வரவில்லை. குவியல் என்றால் அப்படித்தான், ஒரு தரம் உயரும், ஒரு தரம் சரியும். இது என் மண்டைக்கு ஏன் அன்றைக்கு ஏறவில்லை? வாய் படியாமல் வீங்கி நின்றதே, அது சொன்னது. நான் கைபிடியை இழுத்து அதன் வாயை மூடினேன்.

நாளை விடிய அந்தத் தோட்டா பழைய துவக்கில் ஏறும். துவக்குக்குப் பக்கத்தில் பிரேபனின் கன்னம்.

பொழுதுபடப் போன் எடுத்தேன். உடனே எடுத்தார். குரலில் இன்னும் பிறந்தநாள். என்ன அன்டன் என்றார். நான் கேக் நன்றாக இருந்தது என்றேன். யார் செய்தது என்று கேட்டேன். லோன என்றார். கிறீம் அதிகம், ஆனால் நல்லம் என்றேன். நாளைக்கு மழை இருக்குமோ என்றேன். இராது என்றார். சரி என்று வைத்துவிட்டேன்.

ஜெசிந்தா கதவடியில் நின்றாள். சேவியர் அவளிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறான். அவள் சிரிக்கவில்லை.

"கேக்கைப் பற்றியோ கதைச்சனீங்கள்?"

ஓம் என்றேன்.

"அந்த மனுசன்ர முகத்துக்குப் பக்கத்தில வெடிக்கப்போற சாமான். நீங்கள் கேக்கைப் பற்றிக் கதைச்சனீங்கள்."

திரும்ப எடுத்தேன். இந்த முறை எடுக்கவில்லை. வேட்டைக்கு முதல்நாள் அவர் நேரத்தோடு படுப்பார், போனை நிற்பாட்டி வைப்பார். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதானா முதல் போனில் நேரம் கடத்தினேன்? இல்லை. அவ்வளவு கெட்டித்தனம் எனக்கு இல்லை.

விடிய நானே போவதாக முடிவு. அவர் வெளிக்கிட முதல் வீட்டில் நிற்க வேண்டும். தோட்டாவில் ஈரம் பிடித்துவிட்டது என்று சொல்லித் திரும்ப வாங்கலாம். நல்ல கதை. என் கராஜ் ஈரம் என்று எல்லாருக்கும் தெரியும்.


செப்டெம்பர் 1, திங்கள்

பனிப்புகார், பிறகு வெயில்.

விடிய முதல் கார் எடுத்தேன். அவர் வீட்டில் லைட் இல்லை. கார் இல்லை. நாயும் இல்லை. வருடத்தில் ஒருநாள் எல்லாருக்கும் முதல் போய் நிற்கிற மனுசன், அதை நான் யோசிக்கவில்லை.

கடல் உள்ளே நுழைகிற ஃபியோர்ட் பக்கம், புல்வெளிக்குப் போகிற மண் பாதை. பாதி வழியில் முதல் வெடி. மெல்லிசான சத்தம் இல்லை. நான் காரை நிற்பாட்டினேன். ஏன் நிற்பாட்டினேன்? ஓடியிருக்க வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இன்னொரு வெடி கேட்குமா என்று காத்திருந்தேன், கேட்டால் ஆள் உயிரோடு நிற்கிறார் என்று அர்த்தம். கேட்டது. பிறகு இறங்கி ஓடினேன். பூட்ஸ் போடவில்லை. முழங்கால் வரை சேறு.

நாணலுக்குப் பக்கத்தில் நின்றார். முழுசாக நின்றார். கன்னத்தில் சிவப்பு. வலது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாய் கரையில் படுத்திருந்தது, கிட்ட வர மாட்டேன் என்று.

உன் தோட்டா நன்றாக உதைக்கிறது அன்டன் என்று சிரித்தார். சிரிப்பு பாதி. துவக்கைத் திறந்து காட்டினார். வெறும் கோது குழலுக்குள் இறுகிப்போய், கத்தி முனையால் கிண்டித்தான் எடுத்திருக்கிறார். பித்தளை வீங்கியிருந்தது. துவக்கு மடிகிற இடத்தில் ஓர் ஆட்டம், முன்பு இல்லாதது.

சொல் என்று எனக்குள் ஒரு குரல். நான் சொன்னது: ஈரம் பிடித்துவிட்டது, மிச்சத்தைத் தா.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. யோசித்துத்தான் பார்த்தார். ஈரம் பிடித்தால் மருந்தின் பலம் குறையத்தானே வேண்டும், உதை ஏன் கூடுது என்றார். இயந்திரம் திருத்தின ஆள். நான் சேற்றைப் பார்த்தேன்.

அவரே பதிலும் சொன்னார். "உன்ர தோட்டா இல்லை. நீ ஒவ்வொண்டா நிறுத்துப் போட்டது. இது துவக்கு. அதுக்கு வயசு போட்டுது, எனக்கும் போட்டுது."

பெட்டிகளைத் தந்தார். ஒன்று பிரித்தது, மற்றதில் ஜெசிந்தா கட்டின நாடா அப்படியே. இரண்டு வெடிதான் வைத்திருக்கிறார். எனக்கு மூச்சு வந்தது. வெட்கமில்லாமல் வந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை கோப்பி குடித்தேன். பாண் சாப்பிட்டேன். பசித்தது.


செப்டெம்பர் 2, செவ்வாய்

மழை. வேலைக்குப் போகுமுன் காலை முழுக்கக் கராஜ்.

எல்லாவற்றையும் வெட்டினேன். வாயை வெட்டி, குண்டை ஒரு டப்பாவில், கிண்ணத்தைக் குப்பையில், மருந்தைத் தட்டில். ஒவ்வொன்றும் நிறுத்தேன். எல்லாம் கூட. இரண்டு தோட்டா ஒரே அளவில் இல்லை. நிறுத்த பிறகு மருந்து எல்லாம் தண்ணீர் வாளியில்.

பிறகு டப்பாவில் மிச்சமிருந்த மருந்தை, பொழுதுபோகாமல், தலை தட்டியும் நிறுத்துப் பார்த்தேன். அதுவும் ஒன்றாக வரவில்லை. கரண்டியை மேசையில் தட்டினால் மருந்து இறங்கிக் கூடுகிறது. வேகமாகக் கோலினால் குறைகிறது. பிளாஸ்டிக் புனலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கதவைத் திறந்தால் எண் ஆடுகிறது. ஆறுதலாக, ஒரே மாதிரிக் கோலி, தட்டாமல், அட்டையால் வழித்து, எண் நின்ற பிறகு வாசித்தால்தான் கிட்டத்தட்ட. அதுவும் கிட்டத்தட்டத்தான். பத்து வருடமாக நான் ஊருக்குக் காட்டித் திரிந்த கை இது.

பின்னேரம் வேலையிடத்துக்கு பிரேபனின் போன். கோப்பி நேரம், எடுத்தேன். வியாழன் துவக்குக் கடைக்குக் கொண்டுபோகிறாராம், ஒப்படைக்க. இனி அப்பாவின் துவக்கு வேண்டாம். வீட்டில் சும்மா வைத்திருந்தால் மனம் கேட்காது, எடுத்துச் சுடுவேன், லோன சத்தம் போடுகிறாள் என்றார். வருகிற வருடம் வேட்டைக்கு வருவேனோ தெரியாது என்றும் சொன்னார். தோள் கறுத்துப்போயிருக்காம். என்னோடு காரில் வருகிறாயா, கடையில் தனியே நிற்க ஒரு மாதிரியாக இருக்கும் என்று கேட்டார்.

வாறன் என்றேன்.

போலந்துக்காரன் கேட்டான், தோட்டா எப்படி வேலை செய்தது என்று. நல்லாக வேலை செய்தது என்றேன்.


செப்டெம்பர் 3, புதன்

வெயில், குளிர். பால், வெங்காயம், குழாய்க்கு வாசர் வாங்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஆள் பிழைத்தார். தோட்டா திரும்பி வந்தது. மருந்து வாளியில். வெளியில் யாருக்கும் தெரியாது, சேவியருக்கு அது ஒரு பகிடி, அவ்வளவுதான். பழைய துவக்கு எப்படியும் ஒருநாள் முடியத்தானே வேண்டும். இப்படி எழுதிக்கொண்டு போனால் நான் ஒரு நன்மை செய்தது போலவும் வரும்.

அவர் அந்தத் துவக்கைத் துடைக்கிறதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பழைய பனியன் துணி. அவருடைய அப்பா கடைசி வருடங்களில் கதை பேச்சு இல்லாமல் இருந்தவராம், வாத்துக்குப் போன நாளில் மட்டும் கதைப்பாராம். இதை எனக்கு ஒரு தரம்தான் சொன்னார். நான் அதற்குப் பதிலாக என் அப்பா ஒரு முதலையைச் சுட்ட கதை சொன்னேன். அப்பா துவக்கைத் தொட்டதே இல்லை.

ஜெசிந்தாவிடம் வியாழன் விசயத்தைச் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சொன்னனீங்களோ?"

இன்னும் இல்லை என்றேன். சொன்னால் பொலிஸ் கடிதத்தைப் பறித்தாலும் பறிப்பார்கள் என்றேன். மண்டபத்தில் அத்தனை பேருக்கு முன்னால் பேசினதை யோசித்துப் பார் என்றேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்றேன்.

கத்தியை வைத்தாள். "அந்த மனுசன் தன்ர தேப்பன்ர துவக்கைக் குடுக்கப்போகுது. தனக்கு ஏலாமப் போச்செண்டு நினைக்குது. நீங்கள் உங்கட பேச்சைக் காப்பாத்திக்கொண்டிருங்கோ."

பிறகு வெங்காயத்தைச் சட்டியில் தள்ளிவிட்டு, மெதுவாக: "குவிச்சு அளக்கிறது என்னட்டப் பாத்ததுதானே. அதையும் சொல்லுங்கோ. எனக்கு ஒண்டும் இல்லை."

அது இன்னும் கூடச் சுட்டது.

டேனிஷில் சொல்லிப் பார்த்தேன், குளியலறையில். நான் நிறுக்கவில்லை. நான் கூடப் போட்டேன். உன் துவக்கில் பிழை இல்லை. நான் பயந்து பொய் சொன்னேன். நாலு சின்ன வசனம். பரீட்சைக்கு இதைவிடக் கஷ்டமானதெல்லாம் பாடமாக்கினேன்.


செப்டெம்பர் 4, வியாழன்

காற்று. ஒரு நாள் லீவு எடுத்தேன், முழங்கால் என்று.

பிரேபன் நல்ல ஜக்கெற் போட்டிருந்தார், சவச்சடங்குக்குப் போடுகிறது. துவக்கு உறைக்குள், பின் சீற்றில், பெல்ற் போட்டு வைத்தார். வழியெல்லாம் அவர்தான் கதைத்தார். லோனவின் புதுச் சமையலறை. ஒரு பக்கத்து வீட்டுக்காரனின் ஆடு. நான் ஓம் ஓம் என்று ஓட்டினேன். வட்டச் சந்தி ஒன்றைப் பிழையாகச் சுற்றி இரண்டாம் தரமும் சுற்றினேன்.

கடைக்கு முன்னால் காரை நிறுத்தினேன். அவர் கதவைத் திறக்கப் போனார். நான் அவருடைய ஜக்கெற் கையைப் பிடித்தேன். நாலு வசனத்தில் முதலாவது வரவில்லை. மூன்றாவதுதான் முதலில் வந்தது.

"உன்ர துவக்கில பிழை இல்லை."

பிறகு மற்றதும் வந்தது, முன்னுக்குப் பின்னாக; நிறுக்கவில்லை என்ற முதலாவது மட்டும் வரவில்லை. கூடப் போட்டது. எல்லாவற்றுக்கும் கூடப் போட்டது. பரிசு என்றபடியால் குவித்தது, எங்கள் ஆட்கள் தலை தட்டிக் கொடுக்க மாட்டார்கள் என்பது. ஞாயிற்றுக்கிழமையே தெரியும் என்பது. கேக். ஈரம் பொய் என்பது. அன்போடுதான் கூடப் போட்டேன் என்றும் சொன்னேன், அந்தச் சொல்லை டேனிஷில் ஓர் ஆம்பிளைக்கு நான் முன்பு சொன்னதில்லை.

அவர் முன் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். பெண் ஒருத்தி குழந்தைத் தள்ளுவண்டியோடு முன்னால் கடந்து போனாள்.

"ஞாயிற்றுக்கிழமை நீ கேக் நல்லம் எண்டு சொன்னாய்" என்றார்.

இறங்கினார். துவக்கை அவரே எடுத்தார். நான் தூக்கப் போனேன், கையை விலக்கினார்.

கடைக்காரர் குழலுக்குள் லைட் அடித்துப் பார்த்தார், அளவுகோல் வைத்தார், மடித்து ஆட்டினார். குழல் தப்பிவிட்டது. மடிகிற இடத்து ஊசி தளர்ந்துவிட்டது, திருத்தலாம், இந்த வேட்டைக் காலத்துக்கு ஆகாது, அடுத்த காலத்துக்கு ஆகும். என்ன தோட்டா போட்டீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். பிரேபன் முந்திக்கொண்டார். மருந்து கூடின தோட்டா, வீட்டில் அடைத்தது, இனிப் போட மாட்டேன் என்றார். யார் அடைத்தது என்று சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

ஒப்படைக்கவில்லை. திருத்தக் கொடுத்தார். துண்டில் கையெழுத்துப் போடும்போது அவருடைய முதுகு கொஞ்சம் நிமிர்ந்து நின்றது என்று எனக்குப் பட்டது. கூட்டிச் சொல்கிறேனோ தெரியாது.

திரும்பும் வழியில் வானொலியும் போடவில்லை. அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். இறங்கி, கதவைச் சாத்தாமல், குனிந்து நின்றார். தோள் நோகிறபடியால் ஒரு பக்கமாகத்தான் குனிய முடிந்தது.

மண்டபத்தில் ஒவ்வொன்றையும் நிறுத்தேன் என்று சொன்னாயே, உண்மையில் எத்தனையை நிறுத்தாய் என்று கேட்டார்.

"முதலாவதை" என்றேன். "முதலாவதை மட்டும் நிறுத்தன்."

தலையாட்டினார். ஒன்று என்றாலும் நிறுத்திருக்கிறாய் என்றார். முகம் கொஞ்சம் இளகியது. இனி எனக்குத் தோட்டா அடைக்காதே, ஆனால் சனிக்கிழமை கோப்பிக்கு வா, ஜெசிந்தாவையும் கூட்டிக்கொண்டு வா என்றார். கதவைச் சாத்தினார். கையால் கூரையில் இரண்டு தட்டு.

வீட்டுக்கு வந்தேன். ஜெசிந்தா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோறு போட்டாள். கோழிக்கறி. சாப்பிட உட்கார்ந்தேன்.

முதலாவதையும் நிறுக்கவில்லை. அன்றைக்குத் தராசைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

சோறு மூடி வைத்திருக்கிறது. கார்த் திறப்புக் கொத்து கையில். எங்கே என்று ஜெசிந்தா கேட்கிறாள். திரும்பவும் பிரேபனிடம் என்கிறேன்.